மூளைக்கு வேண்டியது மின்சாரமா, முயற்சியா?

இறைவன் நமக்கு அளித்த உறுப்புகளுள் தலையாயது மூளை. நாம் பேனா பிடிப்பதும் பந்து எறிவதும் அதன் கட்டளையால்தான். அந்த மூளைக்கே வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் கை இன்னும் நன்றாக இயங்குமா? பாடம் விரைவில் மனத்தில் பதியுமா? இதற்கான கருவிகள் இன்று கடையிலேயே விற்கப்படுவதால், மாணவிகளாகிய நாம் இதைச் சிந்தித்துப் பார்ப்பது அவசியம்.

1870ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர், ஒரு நாயின் மண்டையோட்டைத் திறந்து மூளையின் ஒரு பக்கத்தில் மின்சாரம் செலுத்தினர். உடலின் மறுபக்கம் அசைந்தது. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற அறிஞர்கள் மண்டையைத் திறக்காமலே மனிதரிடம் சோதனை செய்தனர். ஈரப் பஞ்சில் பொதிந்த மின்முனைகளைத் தலையில் வைத்து, 1 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சில நிமிடங்கள் செலுத்தினர். கையை இயக்கும் மூளைப் பகுதியின் மேல் நேர்மின்முனை இருந்தபோது அப்பகுதி எளிதில் தூண்டப்பட்டது. எதிர்மின்முனை இருந்தபோது மந்தமாயிற்று. இம்மாற்றம் 40 சதவீதம் வரை இருந்தது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சில நிமிடங்கள் நீடித்தது.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. அந்த மெல்லிய மின்சாரம் தானாக ஒரு விரலையும் அசைக்கவில்லை! ஆசிரியை நம் பெயரைக் கூப்பிடுவார் என்று விழிப்புடன் காத்திருப்பது வேறு. எழுந்து விடை சொல்வது வேறு அல்லவா? மின்சாரம் நரம்பணுக்களை விழிப்புடன் காத்திருக்க மட்டுமே செய்கிறது. ஆகவேதான் பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கு இம்முறையைக் கைப்பயிற்சியோடு சேர்த்துச் சோதிக்கின்றனர். அப்போதும் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை.

"வலியில்லாத கருவிதானே, நாமும் போட்டுப் பார்த்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அளவு மாறினால் பலனும் மாறும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 2 மில்லி ஆம்பியரை 20 நிமிடங்கள் செலுத்தியபோது, மந்தப்படுத்த வேண்டிய எதிர்மின்முனையே மூளையைத் தூண்டிவிட்டது. ஒரு திறமை கூடும்போது வேறொன்று குறையக்கூடும் என்று, வீட்டில் தாமே இதைச் செய்து பார்ப்பவர்களை 2016இல் ஆராய்ச்சியாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி எச்சரித்தனர்.

எனவே இது மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிக்குச் சேர வேண்டிய உதவியே தவிர, தேர்வுக்குக் குறுக்குவழி அன்று என்பதே நம் கருத்து. பக்கவாதம் வந்தவர் ஒரு டம்ளரைத் தூக்குவதற்கு நூறு முறை முயல்கிறார். மின்சாரம் கொடுத்தாலும் அவர் முயன்றே ஆகவேண்டும். நல்ல கைகளைப் பெற்றுள்ள நாம் ஒரு கணக்கைப் பத்து முறை போட்டுப் பார்க்கச் சலிக்கலாமா?