கந்தல் துணியின் கணக்கு

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தானின் உடைமைகள் பங்கு போடப்பட்டுக் கப்பலேறின. அவற்றில் ஒன்று, பூ வேலைப்பாடு நிறைந்த சீட்டித் துணிக் கூடாரம். அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்த அது, வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகவும் உதவியது. இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறது.

அரசனின் துணிக்கு இத்தனை பாதுகாப்பு. உழைக்கிறவர்களின் துணிக்கு வேறு விதி. கிழியும், இன்னொரு கிழிசலோடு சேர்த்துத் தைக்கப்படும், மறுபடியும் கிழியும். கர்நாடகத்தில் இப்படித் தைக்கப்படும் போர்வைக்குக் கவுதி என்று பெயர். பழைய சேலைகளை அடுக்கி, ஊசியை உள்ளும் புறமுமாக ஓட்டித் தைத்துவிட்டால் குளிருக்குப் போதும்.

இந்தக் கவுதியின் துணிச்சலான உறவு, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வெகு தொலைவில், மாநிலத்தின் வடமேற்கில் இருக்கிறது. வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு தாலுகாக்களில் காடுகளை ஒட்டிய ஊர்களில் வாழ்பவர்கள் சித்திகள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சாவளியினர். போர்ச்சுகீசியரால் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி மலையேறியவர்கள் இவர்களின் முன்னோரில் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று மதத்தினரும் இவர்களில் உண்டு. மூன்று மதத்துப் பெண்களும் தைக்கும் போர்வைக்குப் பெயர் கவந்தி.

விதி மிக எளிது. அடியில் ஒரு பழைய சேலை. அதன் ஒரு மூலையில் வேலை தொடங்குகிறது. பழைய ரவிக்கை, பாவாடை, குழந்தையின் சட்டை என்று கைக்குக் கிடைத்ததிலிருந்து ஒரு துண்டு. விளிம்பை மடித்து வைத்து ஒரு தையல். பக்கத்தில் அடுத்த துண்டு. ஓரத்தை ஒட்டியே நான்கு பக்கமும் சுற்றி, சுற்றுச் சுற்றாக நடுவை நோக்கி நகர வேண்டும். கடைசியில் நான்கு மூலைகளிலும், மடித்த துணியால் சிறு முக்கோணங்கள். அவற்றுக்குப் ‘பூ’ என்று பெயர். பூ வைக்காத போர்வை, உடை உடுத்தாத ஆள் மாதிரி என்பது அந்தப் பெண்களின் தீர்ப்பு.

விதி இவ்வளவே. எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம், எவ்வளவு பெரிய துண்டு, எங்கே திரும்புவது என்பதெல்லாம் தைப்பவரின் அந்த நேரத்து முடிவு. சிவப்பு தீர்ந்துவிட்டால் பச்சை வந்தாக வேண்டும். அந்தப் பச்சை கண்ணை உறுத்தாமல் இருக்க, எதிர்ப்பக்கத்திலும் ஒரு பச்சை தேவைப்படும். பாடகர் ராகத்தின் எல்லைக்குள் நின்றுகொண்டு ஆலாபனை செய்வதைப் போன்ற வேலை. ஒரு வித்தியாசம்: இங்கே ஸ்வரங்கள் எத்தனை என்பதைக் கந்தல் மூட்டைதான் தீர்மானிக்கும்.

கடலுக்கு அப்பால் இதற்கு ஒரு சகோதரி உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் அடங்கிய ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்களும் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள். அவர்களின் விருப்பமான கட்டம் ‘ஹவுஸ்டாப்’, அதாவது வீட்டுக் கூரை. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகள். சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறார்கள். இவர்கள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறார்கள். பயணம் எதிரெதிர், சுதந்திரம் ஒன்றே.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒருமுறை சோதனை வந்தது. 1966ல் அந்தப் பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் க்வில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். கையில் காசு வந்தது. கூடவே நிபந்தனையும் வந்தது. பெரிய கடைகளுக்குத் தேவைப்பட்டது ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவம். 1972ல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகளைத் தைக்கத் தொடங்கினார்கள். எல்லாம் அச்சு வார்த்தாற்போல இருந்தாக வேண்டும். வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய், தங்கள் இஷ்டப்படி போர்வை தைத்தார்கள். 2002ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கி, நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் வரை சென்று விமர்சகர்களை வியக்க வைத்தவை அந்த ஊர் வீட்டுப் போர்வைகள்தாம். அவற்றில் கார்டுராய்ப் போர்வைகளும் இருந்தன. 2006ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் அமெரிக்கத் தபால்தலைகளிலும் இடம் பெற்றன. தலையணை உறைகளை அருங்காட்சியகம் தேடவில்லை.

சித்திப் பெண்களும் இப்போது இதே சந்திப்பில் நிற்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவலின் உதவியோடு 2004ல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவு அமைப்பு உருவானது. 2011ல் அவர்களின் போர்வைகள் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பேரனுக்காகத் தைத்தது விலை பேசப்படுகிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வறுமையில் பிறந்த கலை என்பதற்காக அதைச் செய்தவர்கள் வறுமையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

வாங்குகிறவர் எதற்குப் பணம் தருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊசி ஓட்டும் உழைப்புக்கு மட்டும் என்றால், அதே வேலையை யந்திரம் மலிவாகச் செய்துவிடும். ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போது எடுத்த முடிவுக்கும் சேர்த்துத்தான் விலை. “போன தடவை வாங்கியது போலவே இன்னும் பத்து” என்று கேட்பவர், முடிவெடுக்கும் உரிமையைத் தைப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கூலியை மட்டும் கொடுக்கிறார்.

எனவே, கவந்திக்கு ஆர்டர் கொடுக்க நினைப்பவர்கள் கட்டிலின் நீள அகலத்தைச் சொல்லலாம். முன்பணமும் தரலாம். நிறத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.