வாத்தியாரை மாற்றக் கேட்கலாமா?

இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்புகிறார் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகப் பையைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். "கணக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பா. கேட்டால் வாத்தியார் திட்டுகிறார். நான் இனிமேல் போகவில்லை" என்கிறாள். அடுத்த வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை.

தகப்பனார் என்ன செய்வார்? "மனு எழுதி வாத்தியாரை மாற்றச் சொல்" என்கிறார் ஒரு தோழர். "வம்பு வேண்டாம், பிள்ளைமேல் பழி தீர்ப்பார்கள்" என்கிறார் இன்னொருவர். வயலில் நாற்று நடும் தாய்மாருக்கும் இதே கவலைதான்.

கேட்கலாம் என்பதே நம் பதில். ஆனால் எதற்காகக் கேட்கிறோம், யாருக்காகக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடம் யாரும் நமக்குப் போட்ட பிச்சையல்ல. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக் கல்வித் திட்டம் என்று ஜனங்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1954-ல் அது ஒழிந்தது. அப்படிக் காப்பாற்றிய பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க உழைப்பாளிக்குப் பூரண உரிமை உண்டு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது.

சரி, கேட்கப் போகுமுன் ஒன்றை விசாரியுங்கள். கோளாறு ஆளிடமா, ஏற்பாட்டிலா?

ஆலையில் நாம் தினம் பார்ப்பதுதான். மட்டமான பஞ்சைப் போடுகிறார்கள், இழை அறுகிறது. மெமோ யாருக்கு? மெஷினருகே நிற்கும் தொழிலாளிக்கு! ஆளை மாற்றினால் இழை அறுவது நின்றுவிடுமா? பள்ளியிலும் இதே கதை நடக்கலாம். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் ஆள் வேண்டும் என்கிறது அதே சட்டம். நம் பள்ளியில் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? கணக்குக்கு ஆள் இருக்கிறாரா, வேறு பாடத்து ஆசிரியரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா? காலி இடம் எத்தனை மாதமாகக் காலியாகக் கிடக்கிறது? இதையெல்லாம் கேட்காமல் ஒரு மனிதரை மட்டும் மாற்றினால், அடுத்து வருகிறவரும் அதே நாற்காலியில் அதே பாட்டைத்தான் படுவார். அங்கே நம் கோரிக்கை "ஆளை மாற்று" என்பதல்ல. "ஆளைப் போடு" என்பது.

ஆசிரியரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை அன்றைய அரசாங்கம் வேலையைவிட்டு நீக்கியதை மறந்துவிட முடியாது. விசாரணையில்லாமல் தண்டிப்பது ஆலையில் அநியாயமென்றால் பள்ளியிலும் அநியாயமே.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? ஒருக்காலும் கூடாது! பிள்ளையை அடிக்கிறவர், சாதி சொல்லி இழிவுபடுத்துகிறவர், பெண் பிள்ளையிடம் முறைதவறி நடக்கிறவர் - இவர்கள் விஷயத்தில் ஒரு நாள் கூடத் தாமதம் கூடாது. உடலை வருத்தும் தண்டனையையும் மனதை வதைப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆசிரியர் தனி டியூஷன் நடத்துவதை 28-ஆவது பிரிவு தடுக்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது என்று யாராவது வாதாடினால், ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளையின் முதுகு மரத்துப் போய்விடுமா என்று திருப்பிக் கேளுங்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளையை எல்லோர் முன்னிலும் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

இங்கும் ஓர் எச்சரிக்கை. "வேறு ஊருக்கு மாற்றிவிட்டோம்" என்று அதிகாரி சொன்னதும் கைதட்டித் திரும்பிவிடாதீர்கள். எந்த ஊருக்கு? சாலை சரியில்லாத, கேட்க நாதியில்லாத ஒரு கூலிக்காரர் கிராமத்துக்கென்றால், நம் பிள்ளைமேல் விழுந்த அடி இன்னொரு விவசாயத் தொழிலாளியின் பிள்ளைமேல் விழப்போகிறது. குற்றத்துக்கு வேண்டியது விசாரணை, நடவடிக்கை. மாற்றல் அதற்கு ஈடாகாது.

இன்னொரு வழியும் சிலர் கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய மனிதர் ஒருவரைப் பிடித்து, தன் பிள்ளையை மட்டும் அடுத்த பிரிவுக்கு மாற்றிக்கொள்வது. சிபாரிசு உள்ள பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு அந்த வகுப்பில் யார் மிஞ்சுவார்கள்? கூலிக்காரன் பிள்ளை மிஞ்சுவான். கேட்கும் குரலும் அந்த வகுப்பை விட்டுப் போய்விடும்.

"விசாரணை முடியும் வரை என் மகள் படிப்பு காத்திருக்குமா?" என்று அந்தத் தகப்பனார் கேட்பார். நியாயமான கேள்வி. பிள்ளைக்குப் போன வருஷம் திரும்பி வராது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்: காரணத்தை விசாரி, அதுவரை அந்த வகுப்பு முழுவதற்கும் கணக்குச் சொல்லித்தர வேறு ஏற்பாடு செய்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் வகுப்பின் மற்றப் பிள்ளைகளையும் கேளுங்கள். பெற்றோர் நாலைந்து பேராகச் சேர்ந்து அந்த ஆசிரியரையே நேரில் பாருங்கள். அவர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பெற்றோரைக் கூட்டிச் சொல்வது ஆசிரியரின் கடமையென்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பேசித் தீர்ந்தால் நல்லது. தீராவிட்டால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் மனு கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கூட்டத்தை வேலை முடிந்த நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியை இழந்துதான் பிள்ளைக்காகப் பேச வேண்டும் என்பது என்ன நியாயம்? அடி, சாதி இழிவு, முறைகேடு என்றால் இந்தப் படிகளுக்குக் காத்திராமல் அன்றே மேலிடத்துக்குப் போங்கள்.

பழி தீர்ப்பார்கள் என்ற பயத்துக்கும் மருந்து இதுவே. ஒரு மனுவில் ஒரு பெயர் இருந்தால் ஒரு பிள்ளையைக் குறிவைக்கலாம். வகுப்பு முழுவதன் பெற்றோரும் கையெழுத்திட்டால் யாரைக் குறிவைப்பார்கள்?

கூலி உயர்வுக்குத் தனியாகப் போய்க் கைகட்டி நிற்பதில்லை நாம். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஏன் தனியாகப் போக வேண்டும்? சேர்ந்து போங்கள், தோழர்களே!