வாயை மட்டும் அசைக்காதீங்க, பாடுங்க!



இந்த மாதச் சுவர் இதழில் 'என் கருத்து' பகுதிக்கு எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதப்போவது நம்ம காலைப் பிரார்த்தனைப் பாட்டைப் பற்றி. சிரிக்காமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது வேறு ஒரு பள்ளியில் இருந்தேன். அங்கே ஆண்டு விழாவுக்குக் குழுப்பாட்டு. ஆசையாகப் பேர் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஒத்திகையிலேயே, "உனக்கு சுருதி சேரலைம்மா. வரிசையில நில்லு, வாயை மட்டும் அசை"ன்னு சொல்லிட்டாங்க. விழா அன்றைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மேடையில் வாயை மட்டும் அசைத்தேன். எங்க அம்மா வேலைக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாங்க. வீட்டுக்கு வந்ததும், "உன் குரல் மட்டும் தனியா கேட்டுச்சு கண்ணு"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறே இறங்கலை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் பிரார்த்தனையில்கூடப் பாடியதில்லை. ஆனால் இப்போது நம்ம வரிசையைப் பார்க்கிறேன். ஸ்பீக்கர் பாடுது, நாம எல்லாரும் வாயை அசைக்கிறோம். அன்றைக்கு நான் ஒருத்திதான் அப்படி நின்றேன். இன்றைக்குப் பள்ளியே அப்படி நிற்கிறது. இது சரியா?

தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரனார். அவருடைய 'மனோன்மணீயம்' நாடகம் 1891-ல் வெளிவந்தது. நாம் பாடும் மெட்டை அமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதை மாநிலப் பாடல் என்று அறிவித்தது. முல்லைப்பண்ணில், அதாவது மோகன ராகத்தில், மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று அந்த ஆணையில் இருக்கிறது. பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைப் போடாமல், பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. பயிற்சி என்றால் யாருக்கு? தினமும் பாடுகிற நமக்குத்தானே முதலில் வேண்டும்?

"சுருதி பிறவியிலேயே வரணும், எல்லாருக்கும் வராது" என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் நினைப்பை மாற்றியது பேசின் பிரிட்ஜ் ரயில்தான்!

எங்க வீடு தண்டவாளத்து ஓரம். சென்ட்ரலில் கிளம்புகிற வண்டி எல்லாம் எங்களைத் தாண்டித்தான் போகும். கானா பாடுகிற எங்க மாமா ஒருநாள், "அந்த ஹாரன் மாதிரி 'ஊ'ன்னு சொல்லு பார்ப்போம்"னாரு. சொன்னேன். "கீழேர்ந்து மேல இழு. மேலேர்ந்து கீழ இறக்கு"ன்னாரு. அப்புறம் அவரே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். நான் கீழேயிருந்து 'ஊ'ன்னு ஏறி அவர் குரலைத் தேடணும். பத்து நாள் கிடைக்கவே இல்லை. ஒருநாள் சாயந்திரம் சட்டென்று இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டது. எது என் குரல், எது மாமா குரல் என்றே தெரியலை! "இத்தினி நாள் உனக்குக் குரல் இல்லாம இல்ல. கேக்காம பாடிக்கினு இருந்த"ன்னாரு. பாடப் பாட ராகம் என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அதனால் நம்ம பள்ளிக்கு என் யோசனைகள் இவை:

1. முதலில் கேட்போம். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாயை மூடி 'ம்' என்று முணுமுணுக்க வேண்டும். பிறகுதான் வார்த்தை. கானாவில் ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே முறைதான்.

2. தாளத்துக்கு 'தகிட தகிட' என்று சொல்லி மூன்று மூன்றாக எண்ணுவோம். முதல் எண்ணிக்கைக்கு மட்டும் கைதட்டுவோம். அப்போது ஒரு வரிசை ஓடி ஒரு வரிசை பின்தங்காது. 55 விநாடி வருகிறதா என்று ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும்.

3. சார் எடுத்துக் கொடுத்தால் நமக்கு எட்டாது. ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை பக்கம் பாடுவார்கள், பெண்கள் ஐந்து கட்டை பக்கம். அதனால் ஒரு மாணவியோ சின்ன வகுப்புப் பையனோ எடுத்துக் கொடுக்கட்டும். பாட்டிலேயே உயரமான இடத்தை முதலில் பாடிப் பார்த்து, கத்தாமல் வந்தால் அந்த சுருதியிலேயே ஆரம்பிக்கலாம்.

4. சுருதி சேராத பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளக் கூடாது. நன்றாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்த வேண்டும். இரண்டு காதிலும் சரியான சுரம் விழும்.

5. எட்டாவது, ஒன்பதாவது அண்ணன், தம்பிகளுக்குக் குரல் உடைகிற வயது. கிண்டல் செய்யாதீங்க. அவர்கள் மெதுவாகக் கீழ்க் குரலில் பாடட்டும், தாளமும் பிடிக்கட்டும். பெஞ்சில் தாளம் போடத் தெரியாத பையன் யாராவது நம்ம பள்ளியில் இருக்கிறானா?

இது கஷ்டமான பாட்டு என்று பயப்பட வேண்டாம். மோகனத்தில் ச, ரி, க, ப, த என்று ஐந்து சுரம்தான். ஹங்கேரி நாட்டில் ஜோல்டான் கோடாய் (1882-1967) என்ற இசை மேதை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து சுரப் பாட்டுகளிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை காட்டி அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஐந்து சுரமும் நம்ம மோகனத்தின் அமைப்புதான். அங்கே தேடிப் பிடித்து ஆரம்பித்தது நமக்குத் தினமும் காலையில் கிடைக்கிறது!

நம்ம சென்னையிலும் இதற்கு முன்னோடி இருக்கிறார். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன், 1970-களின் தொடக்கத்தில் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற சேர்ந்திசைக் குழுவை ஆரம்பித்தார். பல மொழிப் பாட்டுகளைப் பல குரல்கள் சேர்ந்து பாடின. 1988-ல் அவர் மறையும் வரை, சேர்ந்து பாடுவதை ஒரு இயக்கமாகவே நடத்தினார். சினிமாவில் இருந்த ஒருவர் சேர்ந்திசைக்காக இவ்வளவு உழைத்தார் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே செய்யும்?

"பாட்டு டீச்சர் இல்லையே, நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். மேலே சொன்ன ஐந்துக்கும் பெட்டியும் வேண்டாம், பணமும் வேண்டாம். காலையில் ஐந்து நிமிஷம் போதும். சுருதிக்கு ஒரு ஆசிரியரின் கைபேசியில் தம்புரா ஒலி போட்டாலே போதும்.

கலைத் திருவிழாவுக்குப் பத்து பேரைப் பொறுக்கி எடுக்கட்டும், அது போட்டி. பிரார்த்தனை போட்டி இல்லை. அதில் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் பங்கு உண்டு.

தலைமையாசிரியர் அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் ஸ்பீக்கரை நிறுத்திப் பாருங்கள். முதல் வாரம் கேவலமாகத்தான் இருக்கும். ரயில் வேறு நடுவில் ஹாரன் அடிக்கும். பரவாயில்லை, அது எங்க குரலாக இருக்கும்.

அன்றைக்கு எங்க அம்மா கேட்டதாகச் சொன்ன குரல் பொய். இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு அவங்க வரும்போது அது உண்மையாக இருக்கணும். எனக்கு மட்டும் இல்லை, பின்வரிசையில் வாயை அசைக்கிற எல்லாருடைய அம்மாவுக்கும்.

உங்கள் கருத்தை எழுதி, இதழ்ப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி