‘நாட் வொர்க்கிங்’ மட்டும் போதுமா?

லேப்ல ஒரு கருவி ஓடலைன்னா ரிஜிஸ்டர்ல என்ன எழுதுவோம்? ‘நாட் வொர்க்கிங்’. அவ்வளவுதான். அடுத்து வருகிறவர் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும்.

ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் பேசுகிற கான்டனீஸ் மொழியைக் கொஞ்சம் பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பில் சில்லு பெயர்ந்தால் ‘பங்’. விரிசல் விட்டால் ‘லிட்’. சட்டை பட்டன் கழன்று விழுந்தால் ‘லட்’. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றால் ‘வாய்’. உடைந்த கோப்பை, கிழிந்த சட்டை, அழுகிய பழம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ‘லான்’ என்ற பொதுச்சொல்லும் உண்டு. ஆனா அவங்க அதோட நிறுத்திக்கல.

“இத்தனை வார்த்தை எதுக்கு? ஓடலைன்னு சொன்னா புரியாதா?” என்று கேட்பீர்கள். புரியும். ஆனால் என்ன செய்வது என்று தெரியாது. ‘லட்’ என்றால் கழன்ற பாகத்தைத் தேடி மாட்டலாம். ‘பங்’ என்றால் ஒரு துண்டு போய்விட்டது, ஆனாலும் சமாளிக்கலாம். ‘லிட்’ என்றால் இன்று தாங்கும், பாரம் ஏற ஏற விரிசல் வளரும். ரிப்பேரில் பாதி வேலை அந்தச் சொல்லிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு சொல் ‘லான் மெய்’. நேர்ப்பொருள் ‘கெட்டுப்போன வால்’. ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் கைவிட்ட வேலைக்கு இந்தப் பெயர். பாதியில் நின்ற கட்டடம் ‘லான் மெய் லௌ’. மாண்டரினிலும் இதே எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் வேறு. 2021இல் எவர்கிராண்ட் நிறுவனம் கடனைக் கட்டத் தவறியது. 2022இல் சீனாவின் பல நகரங்களில், முன்பணம் கொடுத்து வீடு வாங்கியவர்கள் ‘வேலை நின்றுபோன வீட்டுக்குத் தவணை கட்ட மாட்டோம்’ என்று அறிவித்தார்கள். ‘கட்டுமானத்தில் உள்ளது’ என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘லான் மெய்’ என்றால், கைவிட்டது யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

சீனியர்ஸ் விட்டுட்டுப் போன அந்தப் பாதி ரோபோவை நாம ‘ஆன்கோயிங்’னு தானே சொல்லிட்டிருக்கோம்?

நம்மிடமும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. விரிசல், நெளிசல், பொத்தல், தேய்மானம், விளிம்பு உடைந்த பானைக்கு ‘மூளி’. அடுத்த முறை ரிஜிஸ்டரைத் திறக்கும்போது, எது போச்சு, எப்படிப் போச்சுன்னு ஒரே ஒரு சொல் சேர்த்து எழுதுங்க. உங்களுக்கு அடுத்து வருகிறவருக்கு அரை நாள் மிச்சம்.