தொட்டில் கொக்கி சொன்ன பாடம்

வீட்டுக்குள் விஞ்ஞானம்



தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போட நாள் பார்த்ததும், என் மாமியார் பரணிலிருந்து ஒரு துணிமூட்டையை இறக்கச் சொன்னார். உள்ளே 'எஸ்' மாதிரி வளைந்த ஒரு பழைய இரும்புக் கொக்கி!

"உன் புருஷன், கொழுந்தன், உன் பொண்ணு எல்லாரும் இதுல ஆடினவங்கதான். இன்னும் நாலு தலைமுறைக்குத் தாங்கும்" என்றார் பெருமையாக.

என் கொழுந்தனார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இதை எப்படி மாட்டுவீங்க?"

"வாய் சின்னதுடா. உத்தரத்து வளையத்துல நுழையாது. உங்கப்பா கடப்பாறையால நெம்பி விரிப்பார். மாட்டினதும் சுத்தியலால தட்டி மூடிடுவார். கழட்டறப்பவும் அப்படித்தான்."

"அதான் யோசனையா இருக்கு. அண்ணி, ஒரு ஹேர்பின் கொடுங்க."

நீங்களும் ஒரு ஹேர்பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக விரித்துவிட்டால் பழையபடி சேர்ந்துகொள்கிறது. இன்னும் கொஞ்சம் பலமாக விரித்தால் விரிந்தபடியே நின்றுவிடுகிறது. அதையே விரித்து மூடி, விரித்து மூடிப் பாருங்கள். சில தடவைக்குள் 'டக்'கென்று ஒடிந்துவிடும். உலோகத்தின் குணம் முழுக்க இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. ஓர் எல்லை வரை வளைந்து திரும்பும். எல்லை தாண்டினால் உருமாறும். மேலும் படுத்தினால் ஒடியும்.

ஏன் இப்படி? உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. பலமாக வளைக்கும்போது ஒரு வரிசை இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்கிறது. அப்படி நகர நகர உள்ளே சிக்கு விழுகிறது. சிக்கு விழுந்த கூந்தலில் சீப்பு ஓடுமா? அதேபோல அந்த இடத்தில் மேற்கொண்டு வழுக்க முடியாமல் உலோகம் இறுகிவிடுகிறது. ஒரு செம்புக் கம்பியை வளைத்துவிட்டு நிமிர்த்திப் பாருங்கள். வளைந்த இடம் சரியாக நிமிராது, பக்கத்து இடம்தான் வளையும். வளைத்த இடம் இறுகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த இறுக்கம் நல்லதுக்கும் உதவுகிறது. செப்புக் குடத்தைத் தட்டித் தட்டித்தான் உறுதியாக்குகிறார்கள். ஆனால் நடுநடுவே நெருப்பில் காய்ச்சுவார்கள். சூட்டில் சிக்கு அவிழ்ந்து உலோகம் மறுபடி இளகும். காய்ச்சாமல் தட்டிக்கொண்டே போனால் குடம் விரிசல் விடும். தங்கத்துக்கு இன்னொரு வழி. சுத்தத் தங்கம் மிருதுவானது. செம்போ வெள்ளியோ கலந்தால், அந்த வேற்று அணுக்கள் வழுக்கலைத் தடுக்கும். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கமுள்ள 22 காரட்டில் வளையல் செய்வது இதனால்தான்.

நம் கொக்கியோ ஒவ்வொரு பிள்ளைக்கும் நெம்பப்பட்டு, தட்டப்பட்டு, ஒருமுறைகூட நெருப்பைக் காணாதது!

"இருக்கட்டுமே, குழந்தை நாலு கிலோதானே?" என்றேன் நான்.

"அண்ணி, எடையை மட்டும் பார்க்காதீங்க, எத்தனை ஆட்டம்னு பாருங்க" என்று கணக்குப் போட்டார். நிமிஷத்துக்கு 20 ஆட்டம் என்றால் மணிக்கு 1,200. தினம் நாலு மணி நேரம் என்றால் 4,800. வருஷத்துக்குப் பதினேழு லட்சத்துக்கு மேல்!

1842 மே மாதம், பிரான்ஸில் வெர்சேலிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பிற்பாடு ஜெர்மனியில் ஆகஸ்ட் வூலர் என்ற இஞ்சினியர் ரயில் அச்சுகளை வருஷக்கணக்கில் சோதித்து உண்மையைக் கண்டார். ஒரே தடவையில் ஒடிக்க முடியாத சின்ன பாரம்கூட, லட்சக்கணக்கான தடவை வந்து போனால் இரும்பை ஒடித்துவிடும். இதை உலோகத்தின் களைப்பு என்கிறார்கள். பாரம் மிகவும் குறைவாக இருந்தால் நல்ல இரும்பு தாங்கிக்கொள்ளும். ஆனால் ஏற்கெனவே கீறல் இருந்தால், ஆட்டத்துக்கு ஆட்டம் அது நீண்டுகொண்டே போகும்.

கொழுந்தனார் கொக்கியின் துருவைத் தேய்த்தெடுத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி அரைமணி வைத்தார். பிறகு எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார். ரயில் அச்சுகளில் விரிசல் பார்க்கும் பழைய முறையாம் இது. கொஞ்ச நேரத்தில் வளைவின் உட்புறம், வெள்ளைப் பொடியில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு! விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. கொக்கியை வாங்கித் துடைத்துத் தம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "அவர் கை பட்டது, என்கிட்டயே இருக்கட்டும். புள்ளைக்குப் புதுசு வாங்கிட்டு வா" என்றார்.

சகோதரிகளே, இவற்றை மறக்காதீர்கள்:

● தொட்டில், ஊஞ்சல் கொக்கிகளை நெம்பி விரித்து மாட்டாதீர்கள். வளையத்துக்கு ஏற்ற வாயுள்ள கொக்கியாக வாங்குங்கள்.

● கொக்கியும் வளையமும் உரசும் இடத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

● அவசரத்துக்கு அலுமினியக் கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டாம். அலுமினியம் சீக்கிரம் களைத்துவிடும்.

● எண்ணெய்ச் சோதனையில் மிக நுண்ணிய விரிசல் தப்பிவிடலாம். சந்தேகம் வந்தால் புதிது வாங்குவதே நல்லது.

● தொட்டிலைத் தாழ்வாகக் கட்டி, கீழே மெத்தை போடுங்கள்.

புதுக் கொக்கியில் பேத்தி இப்போது சுகமாகத் தூங்குகிறாள். தாலாட்டு மட்டும் கொள்ளுப்பாட்டியின் பழைய தாலாட்டுதான். அதற்குக் களைப்பே கிடையாது!

அடுத்த இதழில், சுடுநீர் ஊற்றினால் கண்ணாடி டம்ளர் ஏன் தெறிக்கிறது என்று பார்ப்போம்.