ஒண்ணாம் வகுப்புக்கு முன்னாடியே பள்ளிக்கூடம் தொடங்கிடுது!



நம்ம படூர்ல ஓ.எம்.ஆர். ஓரமா எழும்புற அடுக்குமாடிகளைப் பாருங்க. அதுல குடியிருக்கிறவங்க பிள்ளைக்கு ப்ளே ஸ்கூல் இருக்கு. அதைக் கட்டுற சித்தாள், கூட்டிப் பெருக்குற அக்கா, வாசல்ல நிற்கிற வாட்ச்மேன் இவங்க பிள்ளைக்கு? அங்கன்வாடிதான் கதி.

அதை "சோறு போடுற இடம்"னு மட்டும் பார்க்காதீங்க. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. ரத்தமில்லாத பிள்ளை சீக்கிரம் சோர்ந்துபோகும், கவனம் நிற்காது. நாமளோ அதுக்கு "மக்கு"ன்னு பேர் வைக்கிறோம்!

இந்த மண்ணுக்கு இது புரியாத விஷயமில்லை. 1956இல் காமராசர் மதிய உணவு தந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை 2 வயதுக் குழந்தையிலிருந்தே தொடங்கினார். 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. நல்லதை யார் செய்தாலும் நல்லதுதான். ஆனால் காலை உணவு 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்த திட்டம். 3 வயசுப் பிள்ளைக்குச் சின்ன வயிறு, அடிக்கடி பசிக்கும். அம்மா 7 மணிக்கே வேலைக்குக் கிளம்பிட்டா, மதியம் வரை அது என்ன செய்யும்?

நாம் கேட்பது:

✅ அங்கன்வாடிப் பிள்ளைக்கும் காலை உணவு.
✅ மாதாமாதம் எடை, உயரம் பார்த்து, குறைந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவது. இரும்புச்சத்து மருந்து தவறாமல் கிடைப்பது.
✅ 50 பெண் தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் குழந்தைகள் காப்பகம். இது சலுகை இல்லை, 1996 சட்டத்திலேயே இருந்தது.
✅ ஒடிசா, பீகார்னு எங்கிருந்து வந்த தொழிலாளி பிள்ளையா இருந்தாலும் அங்கன்வாடியில் இடம்.

அங்கன்வாடித் திட்டம் நாட்டில் தொடங்கியது 1975 அக்டோபர் 2. அதே அக்டோபர் 2 கிராம சபை கூடும் நாளும்கூட. அன்னிக்கு எழுந்து நின்னு இதைக் கேளுங்க, தீர்மானமா எழுத வையுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க தெரு அங்கன்வாடிக்குள்ள போய்ப் பாருங்க. தராசு இருக்கா, தண்ணி வருதா, கழிவறை இருக்கான்னு பாருங்க.

சின்னப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை. அதனால அதுக்காக நாமதான் பேசணும்!

#அங்கன்வாடிக்கும்_காலைஉணவு
#படூர்