பென்குயின் ஏறும் எடைமேடை

நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் ஜல்லி லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை வெறும் வண்டி, ஒருமுறை பாரத்தோடு. கழித்துப் பார்த்தால் ஜல்லி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். கிழக்கு அண்டார்க்டிகாவில், ஆஸ்திரேலியாவின் மாசன் ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில், பெஷர்வேஸ் என்றொரு சின்னத் தீவு. அங்கே இதே கணக்கைப் பென்குயினுக்குப் போடுகிறார்கள்.

கூடுகளுக்கும் கடலுக்கும் நடுவே வேலி கட்டி, ஒரே ஒரு வழி விட்டு, அந்த வழியில் தராசைப் பதித்திருக்கிறார்கள். அடேலி பென்குயின் அதன்மேல் தத்தித் தத்தி ஏறித்தான் இரைக்குப் போக வேண்டும், ஏறித்தான் திரும்ப வேண்டும். வந்தது யார் என்பதை உடம்பில் பொருத்திய சில்லு சொல்லிவிடும். போன எடை, வந்த எடை, எத்தனை நாள் கழித்து வந்தது, குஞ்சுக்கு வயிற்றில் எவ்வளவு கொண்டுவந்தது எல்லாம் பதிவாகிவிடும். முன்பெல்லாம் இதைத் தெரிந்துகொள்ள, பறவையைப் பிடித்து வெந்நீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பார்கள். தராசு எவ்வளவோ மேல்.

பென்குயின் மேல் இருக்கும் பாசத்தால் மட்டும் இதைச் செய்யவில்லை. ஆய்வாளர்களுக்குத் தெரிய வேண்டியது கிரில் பற்றி. காய்ந்த கூனியைக் கத்தரிக்காயோடு சேர்த்துச் சமைத்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். கிரில் கூனிக்குப் பெரியக்கா மாதிரி. ஆறு சென்டிமீட்டர் வரை வளரும். திமிங்கிலம், கடல்நாய், பென்குயின், மீன் என்று அந்தக் கடலில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. ஆனால் கடலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவது லேசில்லை. பல கப்பல்கள் எதிரொலிக் கருவிகளோடு போய்த் தென் அட்லாண்டிக் பக்கம் பெரிய அளவில் எண்ணியது 2000-இல் ஒருமுறை, 2019-இல் ஒருமுறை. பென்குயினோ ஒவ்வொரு கோடையிலும் சம்பளம் கேட்காமல் கடலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

1970-களில் சோவியத் கப்பல்கள் கிரிலை அள்ளத் தொடங்கின. பசையாக அரைத்து டப்பாவில் அடைத்தும் விற்றார்கள். இப்படியே போனால் மற்ற உயிர்கள் என்ன தின்னும் என்ற கவலையில் 1980-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதைச் செயல்படுத்தும் ஆணையத்தைக் காம்லர் என்பார்கள். தலைமையகம் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில். இந்தியாவும் உறுப்பினர்தான்.

இவர்கள் போட்ட ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பிடிப்பவனை மட்டும் மனதில் வைத்தால், முட்டையிடும் கூட்டத்தில் 50 சதவீதத்தை விட்டுவைத்தால் போதும். தின்னும் உயிர்களை மட்டும் மனதில் வைத்தால் 100 சதவீதத்தையும் தொடக் கூடாது. கிரிலுக்கு இரண்டுக்கும் நடுவே 75 என்று வைத்தார்கள். இது விஞ்ஞானமா பஞ்சாயத்தா என்று கேட்டால் பஞ்சாயத்துதான். ஆனால் வராதவனுக்கும் பந்தியில் இலை போட்டு வைத்த பஞ்சாயத்து.

இப்போது நார்வே, சீனா, தென்கொரியா, சிலி, உக்ரைன் கப்பல்கள் பிடிக்கின்றன. பெரும்பகுதி வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகிறது, கொஞ்சம் எண்ணெய் மாத்திரையாகிறது. என் மைத்துனர் மூட்டு வலிக்கு விழுங்கும் சிவப்பு மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கிரில் எண்ணெய். “என்ன மச்சான், மாத்திரை டப்பாவைக்கூட விட மாட்டீங்களா?” என்றார்.

தென் அட்லாண்டிக் பக்கம் அனுமதித்திருப்பது ஆண்டுக்கு 6.2 லட்சம் டன். 2019-இல் அங்கே எண்ணியது 6.26 கோடி டன். அதாவது நூற்றில் ஒன்று. இதற்கா இவ்வளவு கூப்பாடு என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. அந்த ஒன்றை எங்கே அள்ளுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கிரில் அடர்ந்து கிடக்கும் இடத்துக்குத்தான் கப்பல் போகும். குஞ்சை விட்டுவிட்டு வெகுதூரம் போக முடியாத பென்குயினும் அங்கேதான் போகும். ஊருக்கெல்லாம் அரிசி இருந்து என்ன, நம் தெருக் கடையில் இல்லையென்றால்?

அதற்காக எடை குறைந்தவுடன் கப்பலைக் கைகாட்டிவிடவும் முடியாது. பிரான்சின் துமோன் துர்வில் நிலையத்தருகே 2013-14 கோடையில் ஒரு அடேலி குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. 2016-17-இல் 18,000 ஜோடிகளுக்கு மேல் இருந்தும் பிழைத்தவை இரண்டே இரண்டு குஞ்சுகள். அங்கே கிரில் பிடிக்க யாரும் வருவதில்லை. கோடையிலும் விலகாத கடல்பனியைத் தாண்டி, பெற்றவை இரைக்கு வெகுதூரம் நடந்ததுதான் காரணம். பென்குயின் சாட்சி சொல்லும். குற்றவாளியின் பெயரைச் சொல்லாது. அதனால்தான் கப்பல்கள் அதிகம் வராத பெஷர்வேஸ் போன்ற தீவின் பதிவேடும் வேண்டியிருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துத்தானே மற்ற இடத்தை ஒப்பிட முடியும்?

2020-இல் ஜார்ஜ் வாட்டர்ஸ் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், அண்டார்க்டிக் தீபகற்பப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த பதிவுகளை அலசினார்கள். ஓரிடத்தில் இருக்கும் கிரிலில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் பிடிபட்டால், மோசமான பருவநிலை எவ்வளவு அடிக்குமோ அதே அளவுக்குப் பென்குயின்கள் அடிபடுகின்றன என்றார்கள். மொத்தக் கணக்கில் ஒரு சதவீதம் என்பது ஆறுதலாக இருக்கலாம், உள்ளூர்க் கணக்கு வேறு.

உள்ளூர்க் கணக்கைக் காக்க ஒரு விதி இருந்தது. 6.2 லட்சத்தையும் ஒரே இடத்தில் அள்ளிவிடாதபடி பகுதி பகுதியாகப் பிரித்திருந்தார்கள். தீபகற்பப் பகுதிக்கு 1.55 லட்சம் டன்தான். காம்லரில் எதுவும் ஒருமனதாகவே முடிவாக வேண்டும், ஒரு நாடு தலையசைக்க மறுத்தாலும் நின்றுபோகும். 2024 அக்டோபரில் அந்த விதியைப் புதுப்பிக்க ஒருமனது கிடைக்கவில்லை, காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே, 2025-இல், முதன்முறையாக 6.2 லட்சம் டன்னும் நிரம்பி, நவம்பர் வரை நடக்க வேண்டிய மீன்பிடியை ஆகஸ்டிலேயே மூடினார்கள். மொத்த வரம்பு தன் வேலையைச் செய்தது உண்மைதான். ஆனால் எந்தத் தெருவில் அள்ளினாய் என்று கேட்க அது இருக்கவில்லை.

காம்லரின் ஆண்டுக் கூட்டம் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹோபார்ட்டில் கூடுகிறது. அடேலிகள் கடல்பனி மேல் நடந்து கூட்டுக்குத் திரும்புவதும் அக்டோபரில்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் உள்ளே ஒரு வாக்கியத்தின் காற்புள்ளிக்காக இரவு வரை வாதாடிக்கொண்டிருக்கும்போது, பெஷர்வேஸில் முதல் பென்குயின் வரும், தராசைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கும், பிறகு ஏறும்.